சிங்கப்பூரில் மெக்கானிக் கைக்கருவி வாங்குவது: எந்த பிராண்ட், என்ன தரம், உடைந்தால் யார் மாற்றித் தருவார்கள்

பெட்டி மேல் 'ஆயுள் உத்தரவாதம்' என்று போட்டிருக்கிறது என்பதற்காக ஸ்பேனர் செட் வாங்காதீர்கள். அது உடைந்தால் எந்தக் கடை மேசையில் கொண்டுபோய் வைப்பது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சிங்கப்பூரில் நல்ல கருவிக்குப் பஞ்சம் கிடையாது. ஜாலான் புசார், கெலந்தான் லேன் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளிலும், ஊபி, காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளைச் சுற்றியும் ஜப்பான், ஜெர்மனி, தைவான், அமெரிக்கா என்று எல்லா நாட்டுப் பொருளும் கிடைக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பிராண்ட் இங்கே மூன்று வழியில் கைக்கு வருகிறது: நிறுவனம் நியமித்த விநியோகஸ்தர், அவரிடம் எடுத்து விற்கும் கடை, வெளிநாட்டிலிருந்து தானே தருவித்து இணையத்தில் விற்பவர். மூன்றாமவரிடம் விலை குறையும். உடைந்த சாக்கெட்டோடு (போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் கிண்ணம்) விநியோகஸ்தரிடம் போனால், "எங்களிடம் வாங்கியதில்லையே" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.

முதலில் எந்த அளவுகள் வேண்டும்

108 துண்டு, 150 துண்டு என்று விற்கும் பெட்டிகளில் பாதி எண்ணிக்கை பிட்டுகளாலும் (மாற்றி மாட்டும் திருப்புளி முனைகள்) அங்குல அளவு சாக்கெட்டுகளாலும் நிரப்பியது. இங்கே ஓடும் வண்டிகளில் அங்குல அளவு வேலை அபூர்வம். ஜப்பானிய கார், மோட்டார்சைக்கிள் பார்ப்பவருக்கு 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. போதும். ஐரோப்பிய வண்டி என்றால் 13, 16, 18 சேரும். அதோடு டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர வடிவ) பிட்டுகள் டி20 முதல் டி50 வரை, வெளிப்புற டார்க்ஸ் சாக்கெட்டுகளும் வேண்டும். சக்கர நட்டுக்கு டொயோட்டாவில் பெரும்பாலும் 21, ஹோண்டாவில் 19, ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போல்ட்டுகளுக்கு 17.

புதிதாகத் தொடங்குபவர் 3/8 அங்குலச் சதுர முனை ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் திருகும் பற்சக்கரக் கைப்பிடி) ஒன்று, மேலே சொன்ன அளவுகளில் குட்டை சாக்கெட்டும் நீள சாக்கெட்டும், 75, 150, 250 மி.மீ. எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புக் கம்பி) மூன்று, 8 முதல் 19 வரை ஒருபக்கம் ரிங், ஒருபக்கம் திறந்த வாய் உள்ள ஸ்பேனர்கள், 3 முதல் 10 மி.மீ. வரை ஆலன் கீ (அறுகோணக் குழிக்கான சாவி), 1/2 அங்குல பிரேக்கர் பார் (இறுகியதைக் கழற்றும் நீளக் கைப்பிடி) என்று தனித்தனியாக எடுத்தால் போதும். உதிரியாக வாங்கினால் உத்தரவாதத்திலும் ஒரு லாபம் உண்டு. உதிரியாக விற்கும் பிராண்டுக்குத்தான் மாற்றுத் துண்டும் கடையில் இருக்கும். செட்டாக மட்டும் விற்கும் பிராண்டில் ஒரு 12 மி.மீ. சாக்கெட் பிளந்தால், அதற்கு மாற்று எடுக்க விற்பவர் இன்னொரு செட்டைப் பிரிக்க வேண்டும். பெரும்பாலோர் பிரிக்க மாட்டார்கள்.

கடையிலேயே தரம் பார்ப்பது

போகும்போது புது எம்6 போல்ட் ஒன்றும் எம்8 போல்ட் ஒன்றும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கடை போல்ட்டில் முதலாவதின் தலை 10 மி.மீ., அடுத்தது 13. பழைய போல்ட் உதவாது. தலை தேய்ந்திருந்தால் எல்லா சாக்கெட்டும் லூசாகத்தான் தெரியும்.

சாக்கெட்டைப் போல்ட் தலையில் மாட்டி இடமும் வலமும் ஆட்டுங்கள். வெற்று ஆட்டம் எவ்வளவு என்று விரலுக்கே தெரியும். ஸ்பேனரின் திறந்த வாய்க்கு ஃபீலர் கேஜ் (வெவ்வேறு தடிமனில் மெல்லிய தகடுகள் கொண்ட அளவுகோல்) நல்ல துணை. 13 மி.மீ. ஸ்பேனரை எம்8 தலையில் மாட்டி, தலைக்கும் வாய்க்கும் நடுவே எந்தத் தகடு வரை நுழைகிறது என்று பாருங்கள். இரண்டு பிராண்டை ஒரே போல்ட்டில் இப்படிப் பார்த்தால், மெல்லிய தகட்டோடு நின்றுவிடுவது இறுக்கமான பொருள். வாயின் நுனியிலும் அடியிலும் ஒரே தகடு நுழைய வேண்டும். நுனியில் தடித்த தகடு போனால் வாய் விரிந்திருக்கிறது. அந்த ஸ்பேனர் துருப்பிடித்த பிரேக் பைப் நட்டை மொட்டையாக்கிவிடும்.

அடுத்து சாக்கெட்டின் உள்ளே பாருங்கள். ஆறு முனை உள்ளதை எடுங்கள். பன்னிரண்டு முனை, இடுக்கில் கோணம் கிடைக்காத ரிங் ஸ்பேனருக்குச் சரி, இறுகிப்போன போல்ட்டுக்குச் சரிவராது. முனைகளில் சிறு வளைவு குடைந்திருந்தால், அழுத்தம் போல்ட்டின் விளிம்பில் விழாமல் பக்கத் தளத்தில் விழும். ஸ்னாப்-ஆன் 1960களில் பரப்பிய வடிவம் இது. இப்போது தைவான் சாக்கெட்டுகளிலும் சாதாரணமாக இருக்கிறது. இது இல்லாத சாக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ராட்செட்டில் பல் எண்ணிக்கையைச் சொல்லி விற்பார்கள். 36 பல்லுக்குக் கைப்பிடி 10 டிகிரி நகர வேண்டும், 72 பல்லுக்கு 5, 90 பல்லுக்கு 4. எஞ்சின் அறையின் மூலையில் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் அதைவிட முக்கியம் பின்னோட்டம் எவ்வளவு லேசு என்பது. போல்ட்டை விரலால் இரண்டு மரை ஏற்றிவிட்டு ராட்செட்டைப் போட்டு ஆட்டுங்கள். பின்னால் இழுக்கும்போது போல்ட்டும் கூடவே திரும்பினால் அது வேலைக்கு ஆகாது. கையால் ஏற்றிய நட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முலாம்: சாக்கெட்டின் வாய் விளிம்பிலும் ஸ்பேனரின் எழுத்துப் பள்ளங்களிலும் பால்போல வெளுப்போ சிறு கொப்புளமோ இருந்தால் வைத்துவிடுங்கள். நம்மூர் ஈரத்தில் அங்கேதான் முதலில் உரியும். உரிந்த குரோம் தகடு பிளேடுபோல விரலை அறுக்கும்.

பிராண்டுகள்

அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன், ஜப்பானின் கேடிசி நிறுவனத்தின் நெப்ரோஸ் வரிசை, ஜெர்மனியின் ஸ்டால்வில்லே, ஹாசெட். இவை மேல்தட்டு. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு மெல்லிய சுவர், இறுக்கமான பொருத்தம், நல்ல முலாம் கிடைக்கும். ஆனால் ஸ்னாப்-ஆனின் பெயர் வளர்ந்ததே அமெரிக்காவில் வாரந்தோறும் பட்டறை வாசலுக்கு வரும் வேனால். உடைந்ததை அந்த வேனிலேயே மாற்றித் தருவார்கள். அமெரிக்க வீடியோக்களில் கேட்கும் புகழ் அந்த வேனுக்குரியது. இங்கே எப்படி மாற்றுகிறார்கள் என்று உள்ளூர் விற்பனைப் பிரிவிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். புளூ-பாயிண்ட் அதே நிறுவனத்தின் அடுத்த தட்டு, பல ஆலைகளில் செய்து வருவது. அதன் நிபந்தனையை அதன் தாளில்தான் படிக்க வேண்டும்.

நடுத்தட்டில் என் தேர்வு கலவை. சாக்கெட்டுக்கு ஜப்பானின் கோக்கன் அல்லது டோன். ஸ்பேனருக்கு கேடிசி. பிளையருக்கு க்னிபெக்ஸ். ஆலன் கீ, பிட்டுகளுக்கு வீரா. ஒரே பிராண்டில் முழுப் பெட்டியை அடுக்க வேண்டும் என்ற ஆசை பெட்டியைத் திறந்து காட்டும்போது அழகாக இருக்கும், வேலைக்கு அதனால் பயனில்லை.

திருப்புளியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய ஜப்பானிய மோட்டார்சைக்கிள்களிலும் கார்களிலும் உள்ள பிளஸ் ஸ்க்ரூவில் பல ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) வகை. தலையில் சிறு புள்ளி குத்தியிருந்தால் நிச்சயமாக அதுதான். சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்காது. அழுத்தித் திருகினால் மேலேறி நழுவி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். "ஸ்க்ரூ மட்டமானது" என்று பழிபோடுவோம், பழி திருப்புளியுடையது. ஒசாகாவின் வெசல் நிறுவனத் திருப்புளிகளில் 2ஆம் எண் ஒன்றும் 3ஆம் எண் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஹோண்டாவின் பிரேக் டிஸ்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவுக்கு 3ஆம் எண்தான் பொருந்தும். அதையும் சுத்தியலால் தட்டினால் முனை திரும்பும் இம்பாக்ட் வகையில் எடுத்தால் துளைபோட்டு எடுக்கும் வேலை மிச்சம்.

கிங் டோனி, டாப்டுல், ஹான்ஸ், ஜீனியஸ் என்ற தைவான் பிராண்டுகள்தான் இங்கே பல பட்டறைகளின் அன்றாடச் சோறு. தைச்சுங் பகுதி ஆலைகள் பல வெளிநாட்டுப் பெயர்களுக்கும் செய்து கொடுப்பவை, இரும்பில் குறை வராது. ராட்செட்டின் மென்மையிலும் முலாமின் நயத்திலும் ஒரு படி கீழே, அவ்வளவுதான். கிழமைக்கு ஆறு நாள் வேலை பார்க்கும் புது மெக்கானிக் இவற்றில் தொடங்கி, தேய்வதையும் தொலைவதையும் மட்டும் மேல்தட்டுக்கு மாற்றிக்கொண்டே போகலாம்.

யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்திருந்தால் சில குழப்பங்கள் தீரும். பாக்கோ, ஸ்னாப்-ஆன் குழுமத்தைச் சேர்ந்தது. ஃபாகோம், புரோட்டோ, மேக் டூல்ஸ், 2017இல் அமெரிக்கக் கடைத்தொடரான சியர்ஸிடமிருந்து வந்த கிராஃப்ட்ஸ்மேன் எல்லாம் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரின் கையில். குழுமம் ஒன்று என்பதற்காக ஒரு பிராண்டின் உடைசலை இன்னொன்றின் மேசையில் மாற்ற முடியாது. அமெரிக்காவில் கிராஃப்ட்ஸ்மேனைக் கேள்வி கேட்காமல் மாற்றிய காலத்துக் கதைகளை நம்பி இங்கே இணையத்தில் தருவிப்பது வீண்.

போலி விஷயத்தில் இரண்டு குறிப்பு. ஸ்னாப்-ஆன் கைக்கருவிகளில் ஆண்டைக் குறிக்கும் சின்னக் குறியீடு பதித்திருக்கும். 'பழைய ஸ்டாக்' என்று விற்கும் பொருளில் அது பொருந்துகிறதா என்று பார்க்கலாம். இன்னொரு பக்கம், வீரா கருவியில் செக் நாட்டுப் பெயர் இருப்பதைப் பார்த்துப் போலி என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. வீராவுக்கு அங்கே சொந்த ஆலையே இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

'ஆயுள் உத்தரவாதம்' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, வழக்கமான உபயோகத்தில் உடைந்தால் மாற்றுவோம் என்பது. இன்னொன்று, இரும்பிலோ செய்முறையிலோ குறை இருந்தால் மட்டும் என்பது. பின்னதில் குறையைத் தீர்மானிப்பவர் விற்றவர். தேய்மானம் எதிலும் சேராது. பிட், வெட்டும் கத்தி, ரம்பத் தகடு, அளவு நாடா ஆகியவை வழக்கமாகவே வெளியே. டார்க் ரென்ச்சுக்கு (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) பெரும்பாலும் குறுகிய காலக் கணக்கு தனியாக இருக்கும். தொலைந்துபோன 10 மி.மீ. சாக்கெட்டுக்கு உலகத்தில் எந்த நிறுவனமும் உத்தரவாதம் தருவதில்லை, அதை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: மாற்றுவது நீங்களா, விநியோகஸ்தரா? கையிருப்பிலிருந்தா, தருவித்தா? ராட்செட் என்றால் முழுதாகவா, உள்பாகம் மட்டுமா? ரசீது கட்டாயமா? பதில் இழுபறியாக வந்தால் அந்த உத்தரவாதத்துக்கு விலை பூஜ்யம் என்று வைத்து, கருவியின் தரத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள். தருவித்துத்தான் தருவோம் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்த அளவில் மலிவான துணைக் கருவி ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும்.

ரசீதில் பிராண்ட் பெயரும் பொருள் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். 'டூல்ஸ்' என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் உதவாது. வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது வேனுக்குள் கிடந்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். விலை ஒப்பிடும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா என்றும் பாருங்கள். 2023 முதல், 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) உட்பட்ட இறக்குமதிப் பொருளை இணையத்தில் வாங்கினாலும், பதிவுபெற்ற விற்பனையாளர் அல்லது தளம் வழியாக அந்த வரி உண்டு.

உடைந்த துண்டைக் கொண்டுபோகும்போது

உடைந்த முகத்தைத் துடைப்பதற்கு முன் படமெடுங்கள். வாங்கிப் பார்ப்பவர் முதலில் படிப்பது அந்த முகத்தைத்தான், நீங்களும் படிக்கலாம். முழுதும் சாம்பல் நிறத்தில் மணிமணியாகப் பளிச்சென்று இருந்தால் ஒரே இழுப்பில் முறிந்தது. ஒரு ஓரம் மட்டும் கறுத்தோ துருவேறியோ இருந்து மீதி புதிதாகப் பளிச்சிட்டால் விரிசல் முன்பே இருந்திருக்கிறது, கடைசி இழுப்பு மீதியை முடித்திருக்கிறது. இப்படி இருந்தால் உங்கள் பக்கம் வாதத்துக்கு வலு உண்டு. எக்ஸ்டென்ஷன் கம்பி முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தால் அளவுக்கு மீறிய விசை. ராட்செட்டின் கைப்பிடி கழுத்தில் வளைந்து, உள்ளே பல பற்கள் வரிசையாகச் சிதைந்திருந்தால் பைப் செருகி இழுத்தது பார்த்ததுமே தெரியும்.

அதிகம் மறுக்கப்படுவது, குரோம் சாக்கெட்டை ஏர் கன்னில் (காற்றழுத்தத்தால் தட்டித் தட்டித் திருகும் கருவி) போட்ட கேஸ். கையால் திருகும் சாக்கெட் குரோம் வனேடியம், கடினம் அதிகம். கன்னின் தொடர் அடிக்குச் சுவர் நெடுக்காகப் பிளக்கும். கன்னுக்குரிய கறுப்பு சாக்கெட் பெரும்பாலும் குரோம் மாலிப்டினம், சற்று மென்மை, சுவர் தடிமன், அடியைத் தாங்கிக்கொள்ளும். குரோம் சாக்கெட்டின் சதுரத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கு மூலையிலும் அடிபட்டு நசுங்கிய பளபளப்பும் பிசிரும் தெரியும். அதை எந்த விளக்கத்தாலும் மறைக்க முடியாது. கிரைண்டரில் தேய்த்து மெலிசாக்கிய ஸ்பேனரும் அப்படித்தான்.

ராட்செட் நழுவுகிறது என்றால் கடைக்குக் கிளம்பும் முன் அதைத் திறந்து பாருங்கள். பாதி நேரம் உடைசலே இருக்காது. பின்பக்க ஸ்க்ரூக்களையோ சர்க்ளிப்பையோ (வளைய கிளிப்) கழற்றி, பாகங்கள் இருந்த நிலையைப் படமெடுத்து, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். தடித்த பேரிங் கிரீஸ் அடைத்தால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் நாக்கு பல்லுக்குள் முழுதாக இறங்காது, சுமை ஏறியதும் நழுவும். பல் அதிகமுள்ள ராட்செட்டில் பல் சிறிது என்பதால் அழுக்கு இன்னும் சீக்கிரம் வேலையைக் காட்டும். மெல்லிய எண்ணெயோ, படலம்போல லேசான கிரீஸோ போதும். குட்டி ஸ்பிரிங் துள்ளி ஓடும், தட்டுக்குள் வைத்துத் திறங்கள். பல் உண்மையிலேயே முறிந்திருந்தால் எல்லாத் துண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பாதி உள்பாகத்தோடு போனால் திருப்பி அனுப்ப அதுவே காரணமாகும்.

மாற்றித் தருவது எப்போதும் அதே வடிவமாக இருக்காது. அந்த வரிசை நின்றுபோயிருந்தால் இப்போதைய மாதிரிதான் வரும். செட்டில் ஒன்று மட்டும் வேறு நீளத்தில், வேறு முலாமில் நிற்கும். வேலைக்குக் குறைவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள்.

கடை மறுத்தால் சட்டத்தின் பக்கம் பார்க்கலாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கும், எல்லோரும் லெமன் சட்டம் என்று சொல்லும் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது முதலிலேயே இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்று, அது முடியாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ. தவறான உபயோகத்துக்கும் தேய்மானத்துக்கும் இது பொருந்தாது. தனிநபர் பயனீட்டாளருக்கான ஏற்பாடு இது, கம்பெனி பேரில் பட்டறைக்கு வாங்கியதற்கு இதைக் காட்ட முடியாது. சொந்தப் பணத்தில் கருவி வாங்கும் மெக்கானிக் ரசீதைத் தன் பேரில் போட இது ஒரு காரணம். பேச்சு முற்றினால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 15 வெள்ளி சாக்கெட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். 900 வெள்ளி செட்டுக்குப் போகலாம்.

டார்க் ரென்ச்

இதில் உத்தரவாதத்தைவிட அளவுத் திருத்தம் முக்கியம். ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி 10 நியூட்டன் மீட்டருக்கு (திருகு விசையின் அலகு) மேற்பட்ட, அளவு எட்டியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் வகைக்குப் பிழை கூட்டியோ குறைத்தோ 4 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால் 12 மாதம் அல்லது 5,000 தடவைக்கு ஒருமுறை திருத்தம். டொயோட்டா சக்கர நட்டுக்கு 103, ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர் என்பதால், 40 முதல் 200 வரையிலான 1/2 அங்குல ரென்ச் கார் பட்டறைக்கு ஏற்றது. சம்ப் பிளக்குக்கும் (எஞ்சின் எண்ணெய் வடிக்கும் திருகு) மோட்டார்சைக்கிள் எஞ்சினுக்கும் 3/8இல் சிறியது தனியாக வேண்டும். வேலை முடிந்ததும் அளவை அடிக்கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள். போல்ட் கழற்ற ஒருபோதும் வேண்டாம். கீழே விழுந்தால் உடனே திருத்தத்துக்கு அனுப்புங்கள். சான்றிதழ் கேட்கும் நிறுவனத்தில் வேலை என்றால், சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் சிங்லாஸ் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும்.

துரு

கறுப்பு சாக்கெட்டில் படியும் செந்துருவை எந்த விற்பனையாளரும் குறை என்று ஏற்க மாட்டார். வியர்வைக் கையோடு தொட்டதைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைப்பது ஒன்றுதான் வழி. இழுப்பறைக்குள் தண்ணீர் உறிஞ்சும் ஸ்பாஞ்சை வெட்டிப் போடாதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக் கருவியின் அடிப்பக்கத்தைத் தின்றுவிடும். நீர் ஏறாத ஈவிஏ ஷீட் (மெத்தென்ற நுரைத் தகடு) போடுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள்

துவாஸ், ஜூரோங் பக்கம் வேலை பார்த்துவிட்டு இந்தியாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் கருவிப் பெட்டியைப் பதிவு செய்யும் பையில்தான் போட வேண்டும், கைப்பையில் ஸ்பேனர் ஏறாது. எடைக் கணக்கு இருப்பதால் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டும். ஸ்பேனரும் பிளையரும் அங்கே தபாரியா போன்ற பெயர்களில் மலிவாகக் கிடைக்கும். 3/8 ராட்செட், சாக்கெட்டுகள், ஜேஐஎஸ் திருப்புளி, டார்க் ரென்ச் ஆகியவற்றை இங்கிருந்து எடுத்துப் போவது கட்டும். உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவது பொதுவான நிபந்தனை. எனவே சந்தேகத்துக்குரிய துண்டு ஏதாவது கையில் இருந்தால், விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.